மலையகத்திலிருந்து பயணம் போவோர் டொலர் வாங்கும்போது

திருச்சிக்கோ சென்னைக்கோ போக டொலர் வாங்குபவர் பார்க்க வேண்டியது வங்கியின் விலைப் பலகையில் உள்ள விற்பனை விலையை. கொள்வனவு விலை நீங்கள் டொலரை விற்கும்போதுதான் உதவும். வங்கிப் பட்டியலில் காசோலைக்கும் தந்தி மாற்றுக்கும் (வங்கி வழியாகப் பணம் அனுப்புவது) தனி விலை இருக்கும். கையில் தாள் வாங்குபவருக்கு நாணயத்தாள் விலைதான் கணக்கு.

டொலர் வாங்கப் போவதற்கு முதல் நாள் இரண்டு வங்கிக்கும் மத்திய வங்கி அனுமதி பெற்ற ஒரு நாணய மாற்றுநருக்கும் போன் எடுங்கள். "இன்றைய விலை என்ன?" என்று கேட்பதைவிட, "500 டொலருக்கு எல்லாம் சேர்த்து எத்தனை ரூபாய்?" என்று கேளுங்கள். மறைந்திருக்கும் கட்டணம் அப்போது வெளியே வரும். மாற்றுநரிடம் டொலர் விற்க அனுமதி உண்டா என்பதையும் கேளுங்கள். சிலர் வாங்க மட்டுமே செய்வார்கள். கடவுச்சீட்டு, விசா, டிக்கெட் பிரதிகள் தயாராக இருக்கட்டும்.

ஹட்டனிலிருந்து கண்டிக்குப் போவது லாபமா? டொலருக்கு 1 ரூபாய் வித்தியாசம் என்றால் 200 டொலருக்கு மிச்சம் வெறும் 200 ரூபாய். பஸ் காசுக்கே போய்விடும். 1,000 டொலர் என்றால் யோசிக்கலாம். போயா நாளில் வங்கி பூட்டு, மறக்க வேண்டாம்.

தாள்களை அங்கேயே எண்ணுங்கள். கிழிந்தது, மை பட்டது, பழைய வடிவம் என்றால் உடனே மாற்றிக் கேளுங்கள். வெளிநாட்டில் அவற்றை மறுப்பார்கள், இல்லாவிட்டால் விலையைக் குறைப்பார்கள். 100 டொலர் தாளுக்குப் பல இடங்களில் சில்லறைத் தாளைவிட நல்ல விலை கிடைக்கும். பற்றுச்சீட்டைப் பத்திரமாக வைத்திருங்கள்.

இந்தியாவில் அட்டை தேய்க்கும்போது "இலங்கை ரூபாயில் கழிக்கவா?" என்று இயந்திரம் கேட்டால் வேண்டாம் என்று சொல்லி, இந்திய ரூபாயையே தெரிவு செய்யுங்கள்.