சீரான முடுக்கக் கணக்கு: எந்தச் சமன்பாட்டைப் போடுவது?

"சமன்பாடெல்லாம் மனப்பாடம். ஆனால் கணக்கைப் பார்த்ததும் எதைப் போடுவதென்று தெரியவில்லை." இயக்கவியல் படிக்கும் பிள்ளைகள் அடிக்கடி சொல்வது இது. சமன்பாட்டை அப்புறம் பார்க்கலாம், முதலில் ஒரு கணக்கு.

மணிக்கு 54 கிலோமீட்டர் வேகத்தில் ஒருவர் பைக்கில் போகிறார். குறுக்கே ஆடு வருகிறது. பிரேக் பிடிக்கிறார். ஒவ்வொரு நொடியும் வேகம் 5 மீ/நொடி குறைந்து பைக் நிற்கிறது. பிரேக் பிடித்த பிறகு எவ்வளவு தூரம் ஓடியிருக்கும்?

படி 1: அலகு. மணிக்குக் கிலோமீட்டரை மீ/நொடி ஆக்க 5/18 ஆல் பெருக்குங்கள் (1000 மீட்டர் ÷ 3600 நொடி). 54 × 5/18 = 15 மீ/நொடி.

படி 2: ஐந்து அளவுகள். பைக் போகும் திசையை நேர்க்குறியாக வைத்துக்கொண்டு எழுதுங்கள்.

தொடக்கத் திசைவேகம்: 15 மீ/நொடி
இறுதித் திசைவேகம்: 0
முடுக்கம் (ஒவ்வொரு நொடியும் திசைவேகம் மாறும் அளவு): −5 மீ/நொடி² (குறைவதால் கழித்தல் குறி)
இடப்பெயர்ச்சி: ?
நேரம்: —

அந்த 0 கேள்வியில் எண்ணாக இல்லை, "நிற்கிறது" என்ற சொல்லுக்குள் ஒளிந்திருக்கிறது. "ஓய்விலிருந்து புறப்பட்டது" என்றால் தொடக்கத் திசைவேகம் 0. கணக்கை இரண்டு முறை படிக்கச் சொல்வது இதற்காகத்தான்.

படி 3: விடுபட்டது எது? நேரத்தைக் கொடுக்கவும் இல்லை, கேட்கவும் இல்லை. அப்படியானால் நேரமே வராத சமன்பாட்டை எடுங்கள்:

(இறுதித் திசைவேகம்)² = (தொடக்கத் திசைவேகம்)² + 2 × முடுக்கம் × இடப்பெயர்ச்சி

0 = 225 − 10 × இடப்பெயர்ச்சி
இடப்பெயர்ச்சி = 22.5 மீட்டர்

இடப்பெயர்ச்சி விடுபட்டிருந்தால் "இறுதி = தொடக்கம் + முடுக்கம் × நேரம்". இறுதித் திசைவேகம் விடுபட்டிருந்தால் "இடப்பெயர்ச்சி = தொடக்கம் × நேரம் + ½ × முடுக்கம் × நேரம்²". எனக்குத் தெரிந்து, ஊகத்தை முழுசாக ஒழிக்கும் வழி இதுதான்.

படி 4: சரிபார்ப்பு. நொடிக்கு 5 வீதம் 15 குறைய 3 நொடி. சராசரித் திசைவேகம் (15 + 0) ÷ 2 = 7.5. 7.5 × 3 = 22.5. சரி! முடுக்கத்தின் கழித்தல் குறியை மறந்திருந்தால் −22.5 வந்திருக்கும், பிரேக் பிடித்த பைக் பின்னால் போயிருக்கும். அப்படி ஒரு விடை வந்தால் உடனே குறிகளைப் பாருங்கள்.

இப்போது கொஞ்சம் கடினமாக்குவோம். ஆட்டைப் பார்த்து பிரேக்கில் கால் வைக்கவே அவருக்கு 1 நொடி ஆனது என்றால்? அந்த நொடியில் முடுக்கம் 0, பைக் 15 மீட்டர் ஓடிவிடும். முடுக்கம் மாறும் இடத்தில் கணக்கை இரண்டாக வெட்டி, ஒவ்வொரு துண்டுக்கும் தனிப் பட்டியல் போட வேண்டும். மொத்தம் 15 + 22.5 = 37.5 மீட்டர்.

இதே கணக்கை மணிக்கு 108 கிலோமீட்டருக்குப் போட்டுப் பாருங்கள். வேகம் இரண்டு மடங்குதான், ஆனால் பிரேக் பிடித்த பிறகு ஓடும் தூரம் 90 மீட்டர்.