சகேஸிட்டி: எங்க போடலாம், எங்க போடக்கூடாது

இங்கிலீஷ்ல விஸ்டம்ங்கிற வார்த்தை எல்லாருக்கும் தெரியும். ஆனா சகேஸிட்டி (sagacity)னு ஒண்ணு இருக்கு பாருங்க, போட்டித் தேர்வுக்குப் படிக்கிறவங்க சினானிம் லிஸ்ட்ல பாத்து மனப்பாடம் பண்ணுவாங்க, ஒரு வாக்கியத்துல கூட போட்டுப் பாக்க மாட்டாங்க.

முதல்ல உச்சரிப்பு. ச-கேஸ்-இ-ட்டி, நடுவுல வர்றது சமையல் கேஸ் சிலிண்டர்ல சொல்ற அதே கேஸ், அழுத்தம் அங்கதான். இதோட அட்ஜெக்டிவ் ச-கே-ஷஸ் (sagacious), கேம்ல வர்ற கே.

அர்த்தம் என்னன்னா, நிறைய படிச்ச அறிவு இல்ல, ஒரு ஆளையோ நிலைமையையோ பாத்ததும் இது எங்க போய் முடியும்னு கணிச்சு சரியா முடிவெடுக்குற விவேகம். லத்தீன்ல இதோட மூலச் சொல்லுக்கு மோப்ப சக்தி கூர்மையானதுனு ஒரு அர்த்தம், அந்தக் காலத்து இங்கிலீஷ்லயும் வேட்டை நாயோட மோப்பத்துக்கு இதைத்தான் சொன்னாங்க, 1667ல வந்த இங்கிலீஷ் கவிஞர் மில்டனோட பேரடைஸ் லாஸ்ட் காவியத்துல சாவுங்கிற பாத்திரம் மூக்கை விரிச்சு தூரத்துல இருக்குற இரையை மோப்பம் பிடிக்கும், அங்க வர்ற வார்த்தை சகேஷஸ் தான். இது மனசுல இருந்தா அர்த்தம் மறக்காது. முனிவரைக் குறிக்கிற சேஜ் இதோட சொந்தம்னு நிறைய பேர் நினைக்கிறாங்க, இல்ல, அதுக்கு வேர் வேற, ஹோமோ சேப்பியன்ஸ்ல இருக்குற சேப்பியன்ஸ் தான் அதோட பங்காளி.

எங்க போடலாம்? தலைவர், நீதிபதி, அனுபவசாலி, அவங்க சொன்ன யோசனை, எடுத்த முடிவு. ‘ஷி ஹேண்டில்ட் தி டிஸ்ப்யூட் வித் சகேஸிட்டி’னு எழுதினா கச்சிதம். ‘பொலிட்டிகல் சகேஸிட்டி’யும் அடிக்கடி வர்ற ஜோடி. முன்னாடி ‘எ’ போட்டு ‘எ சகேஸிட்டி’னு எழுதாதீங்க, ப்ளூரலும் வேணாம். நூத்துக்கு நூறு வாங்குன பையனுக்கு இது பொருந்தாது, அவன் இன்டெலிஜென்ட். தன் காரியத்தை சாமர்த்தியமா சாதிச்சுக்குறவர் ஷ்ரூட். செலவைப் பாத்துப் பாத்து பண்றவர் ப்ரூடென்ட்.

பேச்சுல இதை யாரும் சொல்றதில்ல, சொன்னா பந்தாவா இருக்கும், அங்க வைஸ் போதும். கட்டுரை, பிரிவு உபசார உரை மாதிரி இடத்துக்கு ஓகே.

முக்கியமா ஸ்பெல்லிங். சகேஷஸ்ல மூணாவது எழுத்து ஜி. அங்க எல் விழுந்தா சலேஷஸ் (salacious) ஆயிடும், அது ஆபாசம்னு அர்த்தம், ரெண்டுமே டிக்‌ஷனரில இருக்குற வார்த்தைங்கிறதால ஸ்பெல்செக் சிவப்புக் கோடு போடாது. ரிட்டயர் ஆகுற மேனேஜருக்கு மெயில் போடுறீங்கன்னா அனுப்புறதுக்கு முன்னாடி அந்த எழுத்தை ஒருதடவை பாத்துடுங்க.