இரிடியம் ஒளிர்விகள்: குடுவையிலும் செல்லிலும் சாதனத்திலும் தவிர்க்க வேண்டிய தவறுகள்

இரிடியம் அணைவுச் சேர்மங்களோடு வேலை செய்யும்போது நேரும் பிழைகளில் பெரும்பாலானவை ஒரே எண்ணத்திலிருந்து கிளம்புகின்றன. இவற்றையும் சாதாரண ஒளிர் சாயம் போலக் கையாளலாம் என்பதே அந்த எண்ணம். ஃப்ளூரசின் போன்ற சாயம் வாங்கிய ஒளியைச் சுமார் 4 நானோ விநாடியில் திருப்பிக் கொடுத்துவிடும். இரிடியத்தின் அணு எண் 77. இவ்வளவு கனமான உலோகத்தில் சுழல்-சுற்றுப்பாதை இடைவினை வலுவாக இருப்பதால், கிளர்வுற்ற மூலக்கூறு மும்மை நிலைக்கு (இரண்டு எலெக்ட்ரான்களின் சுழல் ஒரே திசையில் உள்ள, மெதுவாகத்தான் ஒளிரும் நிலைக்கு) இறங்கி அங்கிருந்து ஒளிர்கிறது. அதற்கு 1 முதல் 2 மைக்ரோ விநாடி வரை ஆகும், அதாவது சாயத்தைவிடச் சில நூறு மடங்கு நேரம். அதற்குள் ஆக்சிஜன், கரைப்பான், பக்கத்து மூலக்கூறு, புரதம் என எது வேண்டுமானாலும் வந்து அந்த ஒளியை மாற்றிவிடலாம். சூழலைச் சொல்லாமல் ஒளிர்வை மட்டும் சொன்னால் அந்த எண்ணுக்குப் பொருள் இல்லை.

தயாரிப்பில்

முதல் தவறு, பாட்டிலைத் திறப்பதற்கு முன்பே நடந்துவிடுகிறது. நீரற்ற இரிடியம் குளோரைடு எதிலும் சரியாகக் கரையாது, வினையும் நகராது. நீரேற்ற உப்பைத்தான் வாங்க வேண்டும். அதிலும் நீரின் அளவு பாட்டிலுக்குப் பாட்டில் மாறும். மூன்று நீர் மூலக்கூறு என்று வைத்துக் கணக்குப் போட்டால் இரிடியம் 54.5 சதவீதம் வரும். உண்மை அளவு பாட்டிலோடு வரும் பகுப்பாய்வுச் சான்றிதழில் இருக்கும், எடையை அதிலிருந்து கணக்கிடுங்கள். 54 சதவீதம் உள்ள 1 கிராம் உப்பில் 2.81 மில்லிமோல் இரிடியம் இருக்கிறது. இரிடியத்தோடு பிணையும் ஈனியான பீனைல்பிரிடினை மோல் கணக்கில் 2.3 மடங்கு சேர்ப்பது என்றால் அதற்கும் ஏறத்தாழ 1 கிராம்தான் தேவை. 2-எத்தாக்ஸிஎத்தனாலும் நீரும் 3:1 என்ற கலவையில், நைட்ரஜன் சூழலில், 24 மணி நேரம் ரிஃப்ளக்ஸ் செய்தால் குளோரைடு பாலத்தால் இரண்டு இரிடியம் அலகுகள் இணைந்த மஞ்சள் டைமர் வீழ்படிவாகக் கிடைக்கும். இந்தக் கரைப்பான் இனப்பெருக்க மண்டலத்துக்கு நச்சு. ஃபியூம் ஹுடுக்கு வெளியே அதைத் திறக்கக் கூடாது.

அந்த டைமர் பல கரைப்பான்களில் கரைய மறுக்கும், டிஎம்எஸ்ஓ (டைமீத்தைல் சல்ஃபாக்சைடு) என்ற கரைப்பானில் மட்டும் நன்றாகக் கரையும். அதை நம்பி என்எம்ஆர் (அணுக்கருக் காந்த ஒத்ததிர்வு நிறமாலை) எடுத்தால் தெரிவது டைமர் அல்ல. டிஎம்எஸ்ஓ இரிடியத்தோடு பிணைந்து பாலத்தை உடைத்துவிடுகிறது. ஆகவே நீங்கள் பார்ப்பது வேறொரு சேர்மத்தின் நிறமாலை.

மூன்று பீனைல்பிரிடின் கொண்ட பச்சை ஒளிர்வியில் ஃபேக், மெர் என்ற இரண்டு மாற்றியங்கள் உண்டு; அணுக்கள் ஒன்றே, ஈனிகள் அமர்ந்திருக்கும் விதம் மட்டும் வேறு. கிளிசராலில் 140 டிகிரி செல்சியஸ் அருகே மெர் அதிகம் வரும், 200 டிகிரிக்கு மேல் போனால்தான் ஃபேக் வரும். மெர் மாற்றியத்தின் ஒளிர்வு ஃபேக்கின் பத்தில் ஒரு பங்கு அளவுதான், பட்டையும் அகலமாகிச் சிவப்புப் பக்கம் நகர்ந்திருக்கும். புரோட்டான் என்எம்ஆரில் இதைச் சந்தேகமின்றிப் பிரித்தறியலாம். ஃபேக்கில் மூன்று ஈனிகளும் சமம் என்பதால் 8 சமிக்ஞைகள், மெரில் 24. "பச்சையாக ஒளிர்கிறது, போதும்" என்று இந்தச் சோதனையை விட்டுவிடாதீர்கள்.

அளவீட்டில்

ஆக்சிஜனை வெளியேற்றாமல் எடுக்கும் அளவீடுதான் இந்தத் துறையின் மிகப் பரவலான பிழை. கணக்கைப் போட்டுப் பாருங்கள். காற்றோடு சமநிலையில் உள்ள அசிட்டோநைட்ரைலில் ஆக்சிஜன் சுமார் 2 மில்லிமோலார் இருக்கும். ஆக்சிஜன் ஒளிர்வை அணைக்கும் வேகமான தணிப்பு மாறிலியை ஒரு விநாடிக்கு ஒரு மோலாருக்கு 300 கோடி என்று வைத்துக்கொள்வோம். ஒளிர்வின் ஆயுள் 2 மைக்ரோ விநாடி. மூன்றையும் பெருக்கினால் 12 வரும். ஸ்டெர்ன்-வோல்மர் சமன்பாட்டின்படி அதோடு 1 சேர்த்தால், ஒளிர்வு 13 மடங்கு குறையும். 90 சதவீத விளைச்சல் (உறிஞ்சிய ஃபோட்டான்களில் ஒளியாகத் திரும்புபவற்றின் பங்கு) தரும் பொருள் 7 சதவீதம் காட்டும். அதே காற்றில் ஃப்ளூரசின் ஒளிர்வு கண்ணுக்குத் தெரியும்படி மாறாது, அதனால்தான் சாயப் பழக்கத்தில் வருபவர்கள் இங்கே தடுக்கி விழுகிறார்கள்.

உறைய வைத்து, வெற்றிடத்தில் இழுத்து, உருக்கும் சுற்றை 3 அல்லது 4 முறை செய்வதுதான் நம்பகமான வழி. நைட்ரஜனைக் குமிழவிடுவதானால் அதே கரைப்பான் நிரம்பிய இன்னொரு குடுவை வழியாக அதைச் செலுத்துங்கள், 20 முதல் 30 நிமிடம் வரை. இல்லாவிட்டால் கரைப்பான் ஆவியாகிச் செறிவு மாறிவிடும். போதுமா என்று எப்படி அறிவது? ஆயுளை அளந்து, இன்னொரு சுற்று செய்து, மறுபடி அளக்க வேண்டும். ஆயுள் இன்னும் கூடினால் ஆக்சிஜன் மிச்சம் இருக்கிறது. ரப்பர் மூடி மெல்லக் கசியும், காலையில் தயாரித்ததை மாலையில் அளக்காதீர்கள்.

இந்தப் பச்சை ஒளிர்விக்கே பழைய கட்டுரைகளில் 0.4 என்ற விளைச்சலையும், பின்னர் வந்தவற்றில் 0.9க்கு மேற்பட்ட மதிப்பையும் காணலாம். எந்தக் கரைப்பான், எந்த ஒப்பீட்டுப் பொருள், எவ்வளவு ஆக்சிஜன் நீக்கம் என்று பார்க்காமல் எண்ணை மட்டும் எடுத்தாளக் கூடாது.

ஒப்பீட்டுப் பொருள் நீரிலும் உங்கள் மாதிரி டொலுயீனிலும் இருந்தால் ஒளிவிலகல் எண்ணின் வர்க்கத்தைச் சேர்க்க மறக்காதீர்கள். 1.497ஐ 1.333ஆல் வகுத்து வர்க்கம் எடுத்தால் 1.26, அதாவது 26 சதவீதப் பிழை. உறிஞ்சல் 0.1க்குக் கீழே இருக்கட்டும். 380 நானோமீட்டரில் கிளர்வூட்டினால் 760இல் ஒரு போலிச் சிகரம் எழும், அது ஒளியைப் பிரிக்கும் கீற்றணியின் இரண்டாம் வரிசை, சிதறிய கிளர்வூட்டும் ஒளிதான் இரட்டை அலைநீளத்தில் தெரிகிறது. வடிகட்டி போட்டதும் போய்விடும்.

குளோரோஃபார்ம், டைகுளோரோமீத்தேன் வேண்டாம். கிளர்வுற்ற நிலையில் இந்தச் சேர்மம் வலுவான ஒடுக்கி, குளோரின் கொண்ட கரைப்பானோடு ஒளியிலேயே வினைபுரிந்து சிதையும். டொலுயீன் அல்லது 2-மீத்தைல்டெட்ராஹைட்ரோஃபியூரான் நல்லது.

செல்லுக்குள்

டிஎம்எஸ்ஓவில் உள்ள கரைசலை வளர்ப்பு ஊடகத்தில் ஊற்றியதும் பல இரிடியம் சேர்மங்கள் நுண்துகள்களாகத் திரண்டுவிடும். சில, திரண்ட பிறகுதான் பிரகாசமாகவே ஒளிரும். படத்தில் அழகான புள்ளிகள் தெரியும், அவற்றை லைசோசோம் என்று எழுதிவிடுவார்கள். 5 முதல் 10 மைக்ரோமோலார் கரைசலை ஊடகத்தில் கலந்து, செல் இல்லாமலே ஒரு மணி நேரம் 37 டிகிரியில் வைத்து, மையவிலக்கு செய்து, மேல் திரவத்தின் உறிஞ்சலைப் பாருங்கள். குறைந்திருந்தால் துகள் இருக்கிறது. டிஎம்எஸ்ஓ 1 சதவீதத்தைத் தாண்டக் கூடாது, அரை சதவீதத்துக்குள் இருந்தால் நிம்மதி.

நேர்மின்னூட்டமும் கொழுப்பில் கரையும் தன்மையும் உள்ள சேர்மங்கள் சவ்வு மின்னழுத்தத்தால் மைட்டோகாண்ட்ரியாவுக்குள் இழுக்கப்படுகின்றன. செல்லை ஃபார்மால்டிஹைடில் நிலைப்படுத்தினால் அந்த மின்னழுத்தம் போய்விடும், சேர்மமும் இடம் மாறும். இருப்பிடம் பற்றிய முடிவை உயிருள்ள செல்லில் மட்டும் எடுங்கள். உங்கள் ஒளிர்வி பச்சையிலோ மஞ்சளிலோ இருந்தால் அருகில் வைக்கும் மைட்டோட்ராக்கர் (மைட்டோகாண்ட்ரியாவைக் காட்டும் சாயம்) ஆழ்சிவப்பாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் ஒன்றின் ஒளி மற்றதன் சேனலில் கசிந்து, உயர்ந்த பியர்சன் எண் (இரு படங்களும் எவ்வளவு ஒத்துப்போகின்றன என்ற அளவு) சும்மாவே கிடைக்கும்.

நீண்ட ஆயுளின் பெரிய பலன் இங்கேதான். செல்லின் இயல்பொளிர்வு சில நானோ விநாடிகளில் அடங்கிவிடும். 100 முதல் 200 நானோ விநாடி வரை காத்திருந்து எண்ணத் தொடங்கினால் மிஞ்சுவது இரிடியத்தின் ஒளி மட்டும். ஆனால் 80 மெகாஹெர்ட்ஸ் லேசரில் துடிப்புகளின் இடைவெளி 12.5 நானோ விநாடிதான். 1 மைக்ரோ விநாடி ஆயுளுக்குக் குறைந்தது 5 மைக்ரோ விநாடி இடைவெளி தேவை, அதாவது 200 கிலோஹெர்ட்ஸ் அல்லது அதற்கும் கீழே. ஒரு துடிப்புக்கு ஒரு ஃபோட்டானை மட்டும் எண்ணும் முறையில் 5 சதவீத வரம்பைக் (100 துடிப்புக்கு 5 ஃபோட்டானுக்கு மேல் எண்ணாமல்) கடைப்பிடித்தால் விநாடிக்கு 10,000 எண்ணிக்கை கிடைக்கும். 256×256 பிக்சல் படத்தில் பிக்சலுக்கு 100 ஃபோட்டான் சேர்க்க 11 நிமிடம் ஆகும், அதற்குள் செல் நகர்ந்துவிடும். ஒரே சுற்றில் பல ஃபோட்டான்களை எண்ணும் மல்டி-சேனல் ஸ்கேலிங் முறைதான் இதற்கு ஏற்றது.

ஆக்சிஜன் அளப்பதானால், தாங்கல் கரைசலில் போட்ட அளவுத்திருத்தக் கோட்டைச் செல்லுக்குப் பொருத்தாதீர்கள். அல்புமின் போன்ற புரதத்தில் ஒட்டியதும் ஆக்சிஜன் அணுகுவது குறைந்து ஆயுள் நீளும். ஆன்டிமைசின் ஏ கொண்டு சுவாசத்தை நிறுத்திய செல்களிலேயே, 37 டிகிரியில் கோட்டைப் போட வேண்டும்.

ஒளிர்வைத் தணித்த ஆக்சிஜன் சும்மா போவதில்லை, வினைத்திறன் மிக்க ஒற்றை நிலை ஆக்சிஜனாகிச் செல்லைத் தாக்குகிறது. இருட்டில் மட்டும் செய்த நச்சுத்தன்மைச் சோதனையை வைத்து "பாதுகாப்பானது" என்று சொல்ல முடியாது. ஒளியோடும், சேர்மமின்றி ஒளி மட்டும் கொடுத்தும் சோதித்து, அலைநீளத்தையும் டோசையும் குறிப்பிடுங்கள். சதுர சென்டிமீட்டருக்கு 10 மில்லிவாட் வீதம் 10 நிமிடம் என்றால் 6 ஜூல்.

சாதனத்தில்

மின்சாரத்தால் கிளர்வூட்டும்போது ஒற்றை, மும்மை எக்சிட்டான்கள் (எலெக்ட்ரானும் துளையும் இணைந்த கிளர்வு நிலைகள்) 1:3 என்ற விகிதத்தில் பிறக்கின்றன. இரிடியம் இரண்டையும் அறுவடை செய்வதால்தான் 1999 முதல் ஓஎல்இடிக்குள் (கரிம ஒளியுமிழ் டையோடுக்குள்) வந்தது. ஆனால் அதைச் சுற்றியுள்ள, ஒளிர்வியைத் தாங்கும் ஹோஸ்ட் பொருளின் மும்மை ஆற்றல் குறைவாக இருந்தால் ஒளி அதற்குள் போய் மறையும். சிபிபி என்ற ஹோஸ்ட்டின் மும்மை ஆற்றல் சுமார் 2.56 எலெக்ட்ரான் வோல்ட். பச்சைக்கு அது போதும், 2.65 கொண்ட ஃபிர்பிக் என்ற நீல இரிடியம் ஒளிர்விக்குப் போதாது. அதற்கு 2.9 உள்ள எம்சிபி போன்ற ஹோஸ்ட் வேண்டும். ஒளிர்வியை 6 முதல் 10 எடைச் சதவீதத்துக்குள் கலக்குங்கள். தனிப் படலமாகப் போட்டால் மூலக்கூறுகள் ஒன்றையொன்று தணித்துக்கொள்ளும். டைமரிலிருந்து தங்கிய குளோரைடு சாதனத்தின் ஆயுளைத் தின்றுவிடும், அதனால் பதங்கமாதல் சுத்திகரிப்பை ஒரு தடவையோடு நிறுத்தாதீர்கள். ஃபிர்பிக் ஆவியாக்கத்தின்போதே சிதையக்கூடியது, பொருளை வைத்துச் சூடாக்கும் படகின் வெப்பத்தை அவசரமாக ஏற்றக் கூடாது.

ஹெக்ஸாஃபுளூரோபாஸ்பேட் உப்பாக உள்ள அயனிச் சேர்மங்கள் வெற்றிடத்தில் ஆவியாவதைவிடச் சிதைவதே அதிகம். அவற்றை ஸ்பின் கோட்டிங்கில் (கரைசலைச் சுழற்றிப் படலமாக்கும் முறையில்) போட்டு எல்இஇசி (ஒளியுமிழ் மின்வேதிக் கலம்) சாதனமாக்குவார்கள். நிலையான மின்னழுத்தம் கொடுத்து உடனே அளந்து "ஒளிரவில்லை" என்று தூக்கிப் போடுவது அங்கே அடிக்கடி நடக்கும். அயனிகள் மின்முனைகளை நோக்கி நகர நிமிடங்கள், சில படலங்களில் மணி நேரங்கள் ஆகும். 1000 ஹெர்ட்ஸ், 50 சதவீத டியூட்டி (பாதி நேரம் மட்டும் மின்னோட்டம்) கொண்ட துடிப்பு மின்னோட்டத்தில் இயக்கினால் அந்தக் காத்திருப்பு வெகுவாகக் குறையும்.