பங்கர் நினைவோடு வருகிறவர்களைச் சென்னை மெற்றோவில் கூட்டிப்போவது எப்படி

வன்னியில் விசுவமடுப் பக்கத்தில் இருந்து சென்னைக்கு வைத்தியத்துக்கு வெளிக்கிடுகிறவர்கள் என்னிடம் கேட்பது லொட்ஜ் வாடகை, ஓட்டோக் காசு, எந்த டொக்டர் நல்லவர் என்பதெல்லாம். நான் முதலில் கேட்பது, கூட வருகிறவருக்கு எத்தனை வயது, நிலத்துக்குக் கீழே இறங்குவாரா என்றுதான். "அதென்ன, கீழ போறதோ?" என்று கேட்பவர்களின் முகம் உடனே மாறும். இங்கே கீழே இறங்குவதென்றால் ஒரே அர்த்தம், யுத்தத்தில் குண்டுக்குப் பதுங்கிய பங்கர். பனங்குத்தி அடுக்கி, மேலே மண்மூடை போட்டு, பிள்ளைகளை உள்ளே தள்ளிவிட்டுக் காதைப் பொத்திக்கொண்டு இருந்தவர்களுக்கு "ஏசி இருக்கு, சொகுசா இருக்கு" என்று சொல்லிப் பிரயோசனமில்லை.

ஆனால் மெற்றோவை விட்டால் அண்ணா சாலை வாகன நெரிசலில் ஓட்டோவுக்குள் வெந்துபோவீர்கள். ஆகவே ஆயத்தத்தை ஊரிலேயே தொடங்குங்கள்.

மெற்றோச் சுரங்கத்தை எப்படி வெட்டினார்கள் என்று முதலில் சொல்லுங்கள். என் மாமிக்கு நான் சொன்னது இப்படித்தான்: கிணறு வெட்டி, சீமெந்து வளையம் ஒன்றன்மேல் ஒன்றாக இறக்குவோமே, அதே வேலை, ஆனால் கிணற்றைப் படுக்க வைத்தது மாதிரி. முன்னால் பெரிய இயந்திரச் சக்கரம் சுழன்று மண்ணையும் கல்லையும் அரைத்துக்கொண்டு போகும். பின்னாலேயே கொங்கிறீற் துண்டுகளைப் பூட்டி வளையமாக்கி, வளையத்துக்கும் மண்ணுக்கும் இடையிலுள்ள வெளியைச் சாந்து கரைசலால் அடைத்துவிடுவார்கள். மண்மூடை, குத்தி ஒன்றும் கிடையாது. மாமி கேட்டது ஒரு கேள்வி: "தண்ணி ஊறாதோ?" துண்டுகள் பொருந்தும் இடத்தில் இறப்பர் வைத்து இறுக்குகிறார்கள் என்றதும் தலையாட்டினா.

அவசரமாகக் கட்டவில்லை என்பதையும் சொல்லுங்கள், வயதானவர்களுக்கு அது நம்பிக்கை. 2009-இல் வேலை தொடங்கினாலும், 2015 ஜூனில் முதலில் ஓடியது ஆலந்தூர் - கோயம்பேடு, அதுவும் தூண்களுக்கு மேலே. நிலத்துக்குக் கீழே முதல் ஓட்டம் 2017 மே மாதம், திருமங்கலத்தில் இருந்து நேரு பூங்கா வரை. அடுத்த வருடம் சென்ட்ரல் வரைக்கும், மறுபக்கம் சைதாப்பேட்டையில் இருந்து தேனாம்பேட்டை டி.எம்.எஸ். வரைக்கும் வந்தது. 2019 பெப்ரவரியில்தான் டி.எம்.எஸ். - வண்ணாரப்பேட்டைத் துண்டு பூட்டப்பட்டது. தாமதத்துக்கு நிலமே பாதிக் காரணம். சென்னைக்கு அடியில் ஓரிடத்தில் கருங்கல், அடுத்த இடத்தில் களி, வடக்கே போனால் மணல். போதாக்குறைக்கு மூடிவிட்டு மறந்துபோன பழைய கிணறுகள், குழாய்க் கிணறுகள். வேலை எடுத்த ஒரு நிறுவனம் இடையில் கழன்றும் போனது. முதல் கட்டத்தில் 45 கிலோமீற்றர், அதில் 24 நிலத்துக்கு அடியில்.

2017 ஏப்ரலில் சுரங்க வேலை நடந்த அண்ணா சாலையில் தெருவே உள்வாங்கி ஒரு மாநகரப் பஸ்ஸும் காரும் பள்ளத்துக்குள் போனதை நான் மாமிக்குச் சொல்லவில்லை. பேரன் யூடியூப்பில் எடுத்துக் காட்டிவிட்டான். நான் பயந்தேன். மாமி பார்த்துவிட்டு, "பஸ்தானே விழுந்தது, றெயின் விழேல்லையே" என்றா.

இனி விமான நிலையம். யாழ்ப்பாணத்துப் பலாலியில் இருந்து விமானத்தில் வருகிறவர்கள் வெளியே வந்ததும் டக்சிக்காரர் மொய்ப்பார்கள். பெரிய சூட்கேஸ் இரண்டு மூன்று இருந்தால் அவர்களோடு போவதே நல்லது. கைப்பை, சின்னப் பெட்டி என்றால் மெற்றோ பலகையைப் பார்த்து மேலே உள்ள நடைபாதையால் போங்கள். தூரம் கொஞ்சம் கூட, முழங்கால் நோகிறவரை இருத்தி இருத்திக் கூட்டிப்போகவேண்டும்.

ரிக்கற்றுக்கு அங்குள்ளவர்கள் எல்லாம் போனைத்தான் நீட்டுவார்கள். எங்கள் இலங்கைப் போனில் அந்த வசதி இல்லை. கவுண்டரில் காசு கொடுத்தால் கியூஆர் அடித்த கடதாசித் துண்டு தருவார்கள், தூரத்தைப் பொறுத்து 10 ரூபாயில் இருந்து 50 வரை. அதனால் இந்தியக் காசு சில்லறையாகக் கையில் இருக்கட்டும். துண்டைக் கசக்கவும் கூடாது, எறியவும் கூடாது, வெளியேறும் கதவிலும் அதைக் காட்டவேண்டும். வயதானவரை முன்னால் விட்டு நீங்கள் பின்னால் போங்கள். நீங்கள் முந்திப்போய் அவர் கதவுக்கு அந்தப் பக்கம் மாட்டிக்கொண்டால் பதறிப்போவார்.

அதற்கு முன்னால் பையை இயந்திரத்துக்குள் விடவேண்டும், ஆளையும் தடவிப் பார்ப்பார்கள். ஓமந்தைச் சோதனைச்சாவடியை நினைத்து அடையாள அட்டையைக் கையில் எடுத்துக்கொண்டு நிற்காதீர்கள், அங்கே அதை ஒருவரும் கேட்பதில்லை. உடம்பில் ஷெல் பீஸ் கிடக்கிறவர்களுக்குச் சோதிக்கிற கருவி கத்தலாம். "பழைய காயம், உள்ள இரும்பு இருக்கு" என்று காவலாளிக்குத் தமிழில் சொல்லுங்கள், விளங்கிக்கொள்வார்கள். இதையே ஆஸ்பத்திரியில் எம்ஆர்ஐ எடுக்க முதல் மறக்காமல் சொல்லவேண்டும். அங்கே கருவி கத்துவதோடு முடியாது, உள்ளே கிடக்கும் இரும்பு அசைந்தால் ஆபத்து.

முதல் பயணத்தைக் கீழே வைக்காதீர்கள். நான் கண்ட வழிகளில் நன்றாகச் சரிவந்தது இதுதான். விமான நிலையத்தில் ஏறி ஆலந்தூரில் மாறினால் அசோக் நகர், வடபழனி, கோயம்பேடு வரை முழுக்க மேலாலேயே போகலாம். வளசரவாக்கத்தில் சொந்தக்காரர் இருக்கிறவர்கள் எப்படியும் வடபழனியில்தான் இறங்குவார்கள். மாடிவீட்டு மொட்டைமாடியில் காயும் உடுப்புகளைப் பார்த்துக்கொண்டு போகையில், இதுவும் ஒரு றெயின்தான் என்று மனம் பழகிவிடும். கோயம்பேடு தாண்டித் திருமங்கலத்துக்குப் போனால்தான் கீழே இறங்கும்.

ஆஸ்பத்திரிக்குப் போகிற நாள் வேறு. கிரீம்ஸ் ரோட் அப்பலோவுக்கு ஆயிரம் விளக்கு நிலையம் கிட்ட. விமான நிலையப் பக்கமிருந்து வந்தால் விம்கோ நகர் என்று பெயர் போட்ட றெயினில் ஏறவேண்டும். சின்னமலை தாண்டியதும் யன்னல் இருண்டுவிடும். அதை முன்கூட்டியே சொல்லுங்கள்: "இப்ப இருட்டும், உள்ள வெளிச்சம் இருக்கும், அடுத்தது சைதாப்பேட்டை." நிலையப் பெயரைத் தமிழிலும் அறிவிப்பார்கள். நந்தனம், தேனாம்பேட்டை, டி.எம்.எஸ். என்று ஒவ்வொன்றாக அவரையே எண்ணச் சொன்னால் மனம் அதில் நிற்கும்.

கடினமானது ஏறி இருப்பது இல்லை, பிளாட்போமில் காத்து நிற்பது. றெயின் வர முதல் சுரங்கத்துக்குள் இருந்து ஓர் இரைச்சல் கிளம்பும். தூரத்தில் தொடங்கி, தடித்து, நெஞ்சுக்குள் வரும். வன்னியில் இருந்தவர்களின் காது அதை வேறொன்றாகக் கேட்கும். மாமி என் கையைப் பிடித்தபடி மேலே பார்த்தா. மேலே இருந்தது வெள்ளைக் கூரையும் விளக்கும். ஆனாலும் கால் மடங்கி, அப்படியே குந்திவிட்டா. "கிபிர்ச் சத்தம் மாதிரி" என்று, குண்டு போட வந்த விமானத்தை நினைத்து மெல்லச் சொன்னா. பக்கத்தில் நின்ற பெடியன் தண்ணீர்ப் போத்தலை நீட்டினான், மயக்கம் என்று நினைத்திருப்பான். றெயின் வந்து கதவு திறந்து மூடிப் போனது, நாங்கள் ஏறவில்லை. அடுத்ததும் போனது. இரண்டு தரம் சத்தம் வந்து ஒன்றும் நடக்காமல் போனபிறகு, தானே எழும்பி வந்தா.

ஆகவே அந்த இடத்தில் அவசரப்படுத்தாதீர்கள். சில நிமிசத்தில் அடுத்தது வரும். சுரங்க நிலையங்களில் தண்டவாளத்தை மறைத்துக் கண்ணாடிச் சுவர் இருக்கிறது, றெயின் நின்றபிறகே கதவு திறக்கும், விழ இடமில்லை. அந்தக் கண்ணாடியை ஒருதரம் தொட்டுப் பார்க்க விடுங்கள். நடுவழியில் றெயின் கொஞ்சம் நின்றாலும் நீங்கள் கதையை நிறுத்தாதீர்கள், உங்கள் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

நகரும் படியில் சேலைக்கரையும் இறப்பர்ச் செருப்பும் மாட்டும், லிப்ற்றால் போங்கள். எல்லா வாசலிலும் லிப்ற் கிடையாது, எந்தப் பக்கம் என்று கேட்டுவிட்டு வெளியேறுங்கள். வெள்ளம் உள்ளே வராமல் இருக்க வாசல்களைத் தெருவை விட உயர்த்திக் கட்டியிருப்பதால், சில இடங்களில் இறங்குவதற்கு முதல் நாலைந்து படி ஏறவேண்டியும் வரும்.

வேலூருக்குப் போகிறவர்கள் சென்ட்ரலில் இறங்கிக் காட்பாடிக்கு றெயின் எடுக்கலாம். மெற்றோவின் இரண்டு வழித்தடமும் சென்ட்ரலில் ஒன்றுக்குக் கீழ் ஒன்றாக ஓடுகின்றன. நிலையம் மிகப் பெரியது, அரை மணித்தியாலம் முந்திப் போங்கள். அரசு பொது மருத்துவமனையும் அங்கேதான், தெருவுக்கு எதிர்ப்பக்கம்.

எவ்வளவு சொல்லியும் ஏலாது என்கிறவரை வற்புறுத்தவேண்டாம். விமான நிலையத்துக்கு எதிரே திரிசூலத்தில் புறநகர் றெயின் வரும். கிண்டி, மாம்பலம், நுங்கம்பாக்கம், எழும்பூர் எல்லாம் அதில் போகலாம், முழுக்க வெளிச்சத்தில். சங்கர நேத்ராலயாக் கண் ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்களுக்கு நுங்கம்பாக்கத்தில் இறங்கி ஓட்டோ எடுப்பது சுகம். கூட்டம் மட்டும் காலை மாலை கடுமை.

இன்னொன்று. இரண்டாம் கட்டத்துக்கு ஏறத்தாழ 119 கிலோமீற்றருக்கு வேலை எடுத்திருக்கிறார்கள், அதில் 40-க்கு மேல் நிலத்தடி. கலங்கரை விளக்கம், மயிலாப்பூர், பனகல் பூங்கா என்று தெருக்களைத் தகரம் வைத்து அடைத்து வெட்டுகிறார்கள். பூந்தமல்லிப் பாதை வடபழனி, வளசரவாக்கம், போரூர் எல்லாவற்றையும் தொட்டுப் போகிறது. ஓட்டோக்காரர் சுற்றிப் போனால் உடனே சண்டைக்குப் போகாதீர்கள், உண்மையிலேயே வழி அடைத்துத்தான் இருக்கும். டொக்டர் தந்த நேரத்துக்கு ஒரு மணித்தியாலம் முந்தி வெளிக்கிடுங்கள், குளிசைப் போத்தலும் பழைய ரிப்போட்டும் கைப்பையில் இருக்கட்டும்.