அடக்கமா, தகனமா: எல்லைப் பகுதிக் கத்தோலிக்கர் முடிவெடுக்கும் முறை

தமிழ்நாடு-கேரள எல்லையிலுள்ள களியக்காவிளையின் இருபுறமும் வாழும் தமிழ்க் கத்தோலிக்கக் குடும்பங்களில், உடலை எரிக்கலாமா என்ற கேள்வி பெரும்பாலும் மரணம் நேர்ந்த பிறகே எழுகிறது. ஒருவர் பெட்டி வாங்கப் போயிருக்க, மகன் வெளிநாட்டிலிருந்து வந்துகொண்டிருக்க, அழுகைக்கு நடுவே பேசி முடிக்கும் காரியம் அல்ல இது. தெளிவோடு இருக்கும்போதே முடிவு செய்து, வீட்டாரிடம் சொல்லிவைக்க வேண்டும்.

திருச்சபை தகனத்தை இன்று தடை செய்யவில்லை. 1886-இல் வந்த தடை 1963-இல் தளர்ந்தது. 1983-ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத்தின் 1176-ஆம் பிரிவு, அடக்கம் செய்யும் வழக்கத்தைப் பேணும்படி வலியுறுத்தினாலும், கிறிஸ்தவப் போதனைக்கு எதிரான நோக்கத்தோடு தேர்ந்துகொண்டாலன்றித் தகனத்தை விலக்குவதில்லை. உயிர்த்தெழுதலை மறுப்பதற்காக எரிக்கச் சொல்வது வேறு. இடமில்லாமல் எரிப்பது வேறு. 2020-இல் ஆலப்புழை லத்தீன் மறைமாவட்டம், தண்ணீர் ஊறும் கடலோர மண்ணில் அரசு விதித்த ஆழத்துக்குக் குழி தோண்ட முடியாததால், கொரோனாவில் இறந்தவர்களைக் கல்லறைத் தோட்டத்திலேயே தகனம் செய்து சாம்பலை அங்கேயே அடக்கம் செய்ய ஏற்பாடு செய்தது.

மேற்சொன்ன சட்டம் லத்தீன் வழிபாட்டு முறையினருக்கு உரியது. கத்தோலிக்கத்துக்குள்ளேயே தனி வழிபாட்டு மரபுடைய கீழைத் திருச்சபைகளான சீரோ-மலபார், சீரோ-மலங்கரை முறையினருக்கு, அத்திருச்சபைகளின் 1990-ஆம் ஆண்டுச் சட்டத்தொகுப்பு பொருந்தும். அதன் 876-ஆம் பிரிவும் தகனத்தைத் தேர்ந்தவருக்கு அடக்கச் சடங்கை மறுப்பதில்லை. ஆனால் திருச்சபை அடக்கத்தையே விரும்புகிறது என்பது மறைந்துபோகாதவாறும், பிறருக்கு இடறல் நேராதவாறும் சடங்கை நடத்தச் சொல்கிறது. பிறந்த வீடு லத்தீன், புகுந்த வீடு மலங்கரை என்று கலந்த குடும்பங்கள் நம் பக்கத்தில் நிறைய உண்டு என்பதால், தம்முடைய முறை எதுவென்று தெளிந்து, அந்தப் பங்குத்தந்தையிடமே கேட்பது நல்லது.

தகனம் என்று முடிவானால், முதலில் உடலை ஆலயத்துக்குக் கொண்டுவந்து அடக்கத் திருப்பலியும் இறுதி விடைகொடுக்கும் சடங்கும் முடித்து, பிறகே தகன மேடைக்குக் கொண்டுசெல்வது சிறந்தது. திருவனந்தபுரம் தைக்காடு சாந்தி கவாடம் போன்ற பொது மயானத்துக்குப் போவதானால், திருப்பலி நேரத்தைப் பங்குத்தந்தையோடு பேசிவிட்டு, அதற்கேற்ப மேடையைப் பதிவு செய்யுங்கள்.

மிகுந்த கவனம் வேண்டுவது சாம்பலில்தான். எலும்புத் துண்டுகளோடு ஒரு கலயத்தில் அது கைக்கு வந்ததும், அக்கம்பக்கத்து வழக்கத்தை ஒட்டி, கன்னியாகுமரி முக்கடலில் கரைத்துவிடலாம் என்று யாராவது நல்லெண்ணத்தோடே சொல்வார்கள். அதற்கு இணங்கக் கூடாது. 2016-இல் வத்திக்கான் வெளியிட்ட அறிவுரையின்படி சாம்பலைக் கடலிலோ காற்றிலோ நிலத்திலோ தூவக் கூடாது. உடன்பிறந்தோர் பங்கிட்டுக்கொள்ளவோ நகையில் பதித்துக்கொள்ளவோ கூடாது. விதிவிலக்கான சூழல் தவிர வீட்டிலும் வைக்கக் கூடாது. உடலுக்கு உரிய மரியாதையோடு, கல்லறைத் தோட்டத்திலோ ஆலயத்திலோ செபித்து மந்திரிக்கப்பட்ட (ஆசீர்வதிக்கப்பட்ட) இடத்தில் அது இருக்க வேண்டும். மிகச் சிறு பகுதியை இறந்தவருக்கு நெருக்கமான ஓரிடத்தில் பேணக் குடும்பத்தார் கேட்டால், திருச்சபை அதிகாரி அதைப் பரிசீலிக்கலாம் என்று 2023-இல் விளக்கம் வந்தது. அனுமதியின்றி அதையும் செய்யலாகாது. ஆகவே சாம்பலுக்கு இடம் உறுதியாகாமல் தகனத்துக்குச் சம்மதிக்காதீர்கள்.

என் கருத்தில், பங்கின் கல்லறைத் தோட்டத்தில் இடம் கிடைக்குமானால் அடக்கமே மேல். கல்லறைத் திருநாளில் மெழுகுவர்த்தி ஏற்றிச் செபிக்கப் பிள்ளைகளுக்கு ஓர் இடம் இருக்கிறது; அது சிறிய ஆறுதல் அல்ல. குடும்பக் கல்லறையை அடுத்தவரை அடக்கம் செய்ய எத்தனை ஆண்டுக்குப் பின் திறக்கலாம், கட்டணம் எவ்வளவு என்று பங்கு அலுவலகத்தில் முன்பே கேளுங்கள். முன்பு ஒருவரை அடக்கம் செய்து அந்த ஆண்டுக்கணக்கு முடியாததால் கல்லறையைத் திறக்க முடியாத வீட்டார், அதிலேயே சாம்பலை வைக்க இசைவு கேட்கலாம்.

முடிவைத் தாளில் எழுதிக் கையொப்பமிட்டு, ஒரு படியைப் பங்குத்தந்தையிடம் கொடுங்கள். கேரள மருத்துவமனையில் இறந்தவரைக் குமரி மாவட்டத்தில் அடக்கம் செய்தாலும் இறப்பு கேரளத்தில்தான் பதிவாகும். அதற்கு 21 நாள் கெடு உண்டு என்பதால், மருத்துவமனையை விட்டுக் கிளம்பும்போதே ஆவணங்களைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.