முதல் ஏர்சாஃப்ட் துப்பாக்கி: பணம் வீணாகும் இடங்கள்

ஏர்சாஃப்ட் என்பது பிளாஸ்டிக் குண்டு சுடும் மாதிரித் துப்பாக்கிகளோடு ஆடும் விளையாட்டு. பிரிட்டனில் ஞாயிற்றுக்கிழமை காலை எந்தக் காட்டு மைதானத்துக்குப் போனாலும் இந்தக் காட்சி தப்பாது. புதுப் பெட்டியிலிருந்து நீளமான போல்ட் ஆக்‌ஷன் ஸ்னைப்பர் ஒன்று (ஒவ்வொரு குண்டுக்கும் போல்ட்டைக் கையால் இழுக்க வேண்டிய துப்பாக்கி) வெளியே வரும். மேலே பெரிய ஸ்கோப், கீழே பைபாட், உடம்பெல்லாம் இலைதழை உடை. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு பார்த்தால் அதே ஆள் மைதானத்தின் வாடகை எம்4 மின் துப்பாக்கியைத் தூக்கிக்கொண்டு ஓடிக்கொண்டிருப்பார். ஸ்னைப்பர் காரில் கிடக்கும்.

சேஃப்டி போட மறப்பது, மேகசினைச் சரியாக மாட்டாதது மாதிரியான தவறுகள் ஒரே நாளில் தானே சரியாகிவிடும். இங்கே சொல்வது காசைத் தின்னும் தவறுகள்.

விளையாடும் முன்பே வாங்குவது

பிரிட்டனில் 2006-ஆம் ஆண்டின் வன்முறைக் குற்றக் குறைப்புச் சட்டப்படி, நிஜத் துப்பாக்கி போலவே இருக்கும் மாதிரியைக் கடைக்காரர் கண்டவருக்கெல்லாம் விற்றுவிட முடியாது. நீங்கள் மைதானத்தில் விளையாடுபவர் என்பதற்கு ஆதாரம் வேண்டும். வழக்கமான ஆதாரம் உகாரா (UKARA) என்ற ஆட்டக்காரர் பட்டியலில் பதிவு: 56 நாட்களுக்குக் குறையாத காலத்தில் குறைந்தது மூன்று ஆட்டங்கள் ஆடியிருக்க வேண்டும். வயதும் 18 ஆகியிருக்க வேண்டும். அதுவரை பொறுக்க முடியாதவர்கள் பளிச்சென்ற நீலமோ ஆரஞ்சோ பூசிய இருநிறத் துப்பாக்கியை வாங்கிவிட்டு, வீட்டில் கறுப்பு ஸ்ப்ரே அடிக்கிறார்கள். தகுதி இல்லாமல் அப்படி மாற்றுவதும் அதே சட்டத்தின்படி குற்றம்.

அந்த மூன்று ஆட்டங்களையும் வாடகைத் துப்பாக்கியிலேயே ஆடுங்கள். நீங்கள் ஓடுகிற ஆளா, ஒரு மரத்தடியில் காத்திருக்கிற ஆளா என்பது அதற்குள் தெரிந்துவிடும்.

முதல் துப்பாக்கியாக ஸ்னைப்பர்

எத்தனை முறை சொன்னாலும் ஓயாத தவறு இதுதான். "ஸ்னைப்பர் தூரம் போகும்" என்ற ஒரே நம்பிக்கையில் வாங்குகிறார்கள். கணக்கைப் பார்ப்போம்.

பெரும்பாலான மைதானங்களில் பேட்டரியில் ஓடும் சாதாரண மின் துப்பாக்கிக்கு எல்லை 0.20 கிராம் குண்டில் 350 எஃப்.பி.எஸ். (நொடிக்கு அடி), அதாவது 1.14 ஜூல். போல்ட் ஆக்‌ஷனுக்கு 500, அதாவது 2.32 ஜூல். ஆற்றல் இரண்டு மடங்கு. தூரம் இரண்டு மடங்கு ஆகாது. பிளாஸ்டிக் குண்டு காற்றில் சீக்கிரம் வேகம் இழக்கும். அதைத் தூக்கிப் பிடித்துக் கொண்டுபோவது குழலுக்குள் குண்டின் மேல்பக்கம் உரசும் ஹாப்-அப் ரப்பர் கொடுக்கும் பின்சுழற்சி. நன்றாக அமைத்த மின் துப்பாக்கி 50 மீட்டர் சுமாருக்கு அடிக்கும். நன்றாக அமைத்த ஸ்னைப்பர் 70 மீட்டரைத் தொடும். "நன்றாக அமைத்த" என்ற இடத்தில்தான் பணம் போகிறது.

பெட்டியிலிருந்து வரும் மலிவு ஸ்னைப்பரில் பிஸ்டனுக்கும் சிலிண்டருக்கும் இடையே காற்று கசியும். உட்குழல் வெளிக்குழலுக்குள் ஆடும். ஹாப்-அப் ரப்பரால் 0.40 கிராம் குண்டைத் தூக்க முடியாது. ஒரு சுடுதலுக்கும் அடுத்ததற்கும் வேகம் 20, 30 எஃப்.பி.எஸ். மாறினால், 60 மீட்டரில் ஒன்று தலைக்கு மேலே போகும், அடுத்தது காலடியில் விழும். ஸ்கோப் வழியே அந்த ஏமாற்றம் இன்னும் தெளிவாகத் தெரியும், அவ்வளவுதான்.

இந்த நிலையில் புதியவர் முதலில் மாற்றுவது ஸ்பிரிங். மாற்றக் கூடாததும் அதுதான். விஎஸ்ஆர்-10 என்ற பிரபல ஸ்னைப்பர் மாடலின் வகைத் துப்பாக்கிகளின் மூல ட்ரிக்கரில் பிஸ்டனைப் பிடித்து நிறுத்தும் கொக்கி 45 பாகைச் சாய்வில் இருக்கும். கடினமான ஸ்பிரிங்கைப் போட்டால் அந்தச் சாய்வு தேய்ந்து பிஸ்டன் நிற்காமல் நழுவும். பிறகு 90 பாகை ட்ரிக்கர், அதற்கேற்ற பிஸ்டன் என்று செலவு துப்பாக்கியின் விலையையே தாண்டும். சரியான வரிசை: முதலில் ஹாப்-அப் ரப்பர், பிறகு உட்குழலை ஆடாமல் இறுக்குவது, பிறகு காற்றுக் கசிவு, கடைசியில் ட்ரிக்கரும் ஸ்பிரிங்கும்.

இன்னொன்று, பல மைதானங்களில் ஸ்னைப்பருக்கு 30 மீட்டர் குறைந்தபட்சத் தூரம் உண்டு. அதற்குள் வந்தவரை அதனால் சுடக் கூடாது. கைத்துப்பாக்கியை எடுக்க வேண்டும். ஆக அதற்கும் தனிச் செலவு. திருத்தாத ஸ்னைப்பருக்கு மிஞ்சுவது 30 முதல் 50 மீட்டர் வரையிலான ஒரு பட்டை. அதே பட்டையில் எதிராளியின் மின் துப்பாக்கி நொடிக்குப் பத்துக்கு மேல் குண்டு தள்ளும். நீங்கள் போல்ட்டை இழுத்து முடிப்பதற்குள் ஆட்டம் முடிந்திருக்கும்.

ஆசை தீரவில்லை என்றால் மின் துப்பாக்கியை ஒற்றைச் சுடுதலில் மட்டும் வைத்துச் சில மாதம் ஆடிப் பாருங்கள். மெதுவாக நகர்வது, ஒரே குண்டில் அடிப்பது எல்லாம் அதிலேயே வந்துவிடும். பிறகும் வேண்டுமென்றால் உதிரிபாகம் தாராளமாகக் கிடைக்கும் விஎஸ்ஆர்-10 அமைப்பில் வாங்குங்கள். படத்தில் அழகாகத் தெரிகிறது என்று எங்கும் பாகம் கிடைக்காத மாடலை வாங்காதீர்கள்.

ஸ்பிரிங் மாற்றி "சக்தி கூட்டுவது"

மின் துப்பாக்கியிலும் இந்த ஆசை வரும். பிரிட்டிஷ் சட்டத்தில் தொடர்ந்து சுடக்கூடிய ஏர்சாஃப்ட்டுக்கு எல்லை 1.3 ஜூல், ஒற்றைச் சுடுதலுக்கு 2.5 ஜூல். தாண்டினால், ஏர்சாஃப்ட்டை நிஜத் துப்பாக்கியாகக் கருதாமல் சட்டம் தரும் விலக்கு போய்விடும். 0.20 கிராம் குண்டில் 1.3 ஜூல் என்பது சுமார் 374 எஃப்.பி.எஸ். 350-க்கும் இதற்கும் இடைவெளி அதிகமில்லை. சிலிண்டரில் காற்று மிச்சமிருக்கும் துப்பாக்கியில் கனமான குண்டு போட்டால் ஜூல் தானாகவே ஏறும். ஆகவே ஆடப்போகும் குண்டிலேயே க்ரோனோ (குண்டின் வேகம் அளக்கும் கருவி) பாருங்கள்.

நீளம் = தூரம் என்ற கணக்கு

இல்லை. கட்டடத்துக்குள் ஆடுபவர் நீளக் குழலை வாங்கினால் கதவுதோறும் இடிப்பார். காடு, கட்டடம் இரண்டுக்கும் ஒன்றே வேண்டுமென்றால் மடங்கும் பின்கட்டை உள்ள குட்டை எம்4 போதும். மேகசின் நண்பர்களிடம் கடன் வாங்கலாம், கியர்பாக்ஸ் பாகமும் எளிதில் கிடைக்கும். ரொம்பக் குட்டையானதில் பேட்டரி நுழையவே இடமிருக்காது. வாங்கும் முன் அளந்து பாருங்கள்.

11.1 வோல்ட் லைப்போ

லைப்போ என்பது லித்தியம் பாலிமர் பேட்டரி. ட்ரிக்கர் விரைவாக வேலை செய்கிறதே என்று மாஸ்ஃபெட் (மின்னணு ஸ்விட்ச்) இல்லாத சாதாரண துப்பாக்கியில் இதைச் செருகினால் ட்ரிக்கரின் செப்புத் தொடுப்புகள் கருகும், பிஸ்டன் பற்கள் உடையும். 7.4 வோல்ட் போதும். செல் ஒன்றுக்கு 3 வோல்ட்டுக்குக் கீழே இறங்க விடாதீர்கள். எடுத்து வைக்கும்போது 3.8-இல் வையுங்கள்.

குளிரில் கேஸ் ப்ளோபேக்

இவை பேட்டரியில் அல்ல, மேகசினில் நிரப்பும் வாயுவில் ஓடுபவை. உதைப்பும் சத்தமும் அருமை, மறுப்பதற்கில்லை. ஆனால் கிரீன் கேஸ் அடிப்படையில் சிலிகோன் எண்ணெய் கலந்த புரோபேன். குளிர்ந்தால் அழுத்தம் குறையும்; வேகமாகச் சுடச் சுட மேகசின் மேலும் குளிரும். நவம்பர் காட்டில் அரை மேகசினுக்கு மேல் ஸ்லைடு முழுசாகத் திரும்பாது. மேகசினின் விலையும் மின் துப்பாக்கியினுடையதைப் போலப் பல மடங்கு. கோடைக்கு இரண்டாவது துப்பாக்கியாக வாங்கலாம்.

எல்எம்ஜி

இலகு இயந்திரத் துப்பாக்கி மாதிரி. ஆறு, ஏழு கிலோ. ஒரு நாள் முழுக்கத் தூக்கிப் பார்த்துவிட்டு வாங்குங்கள்.

ஸ்கோப்

வேண்டாம். ஒரு சாதாரண ரெட் டாட் (சிவப்புப் புள்ளியால் குறி காட்டும் கருவி), அதன் முன்னே உடையாத ஒரு கவசத் தகடு.

மலிவு குண்டு

குண்டின் விட்டம் 5.95 மி.மீ., குழல் 6.03 அல்லது 6.08. அச்சின் ஒட்டுக் கோடு துருத்தி நிற்கும் குண்டு அந்த இடைவெளியில் சிக்கும், அல்லது உள்ளேயே நொறுங்கும். காட்டில் 0.20 வேண்டாம், ஒரு காற்றுக்கே வளைந்துவிடும், 0.25 அல்லது 0.28 போடுங்கள். திறந்த மைதானங்கள் மட்கும் குண்டையே கேட்கும். ஹாப்-அப்பை முழுக்கத் தளர்த்திவிட்டு, குண்டு நேர்கோட்டில் போகும்வரை சிறிது சிறிதாக ஏற்றுங்கள். கடைசியில் மேலே எழும்பினால் ஏற்றியது அதிகம்.

மிச்சக் காசில் பாதுகாப்புக் கண்ணாடி

வரிசையில் இது முதலில் வர வேண்டும், துப்பாக்கிக்கும் முன்னால். இஎன்166 தரத்தில் எஃப் என்று பொறித்த கண்ணாடியைச் சோதிப்பது நொடிக்கு 45 மீட்டர் வேகத்தில் வரும் 6 மி.மீ. எஃகுக் குண்டால், ஏறக்குறைய 0.87 ஜூல். மைதானத்தின் சாதாரண எல்லையே 1.14. பி என்று பொறித்தது 120 மீட்டர் வேகத்தைத் தாங்கும். முகத்தோடு முழுக்க ஒட்டும் பி தரக் காகிள்ஸ், கீழே பல்லுக்கு வலை முகமூடி.