வயதான பெற்றோரின் தூக்கத்தைச் சீராக்குவது எப்படி? ஒரு நோட்டும் ஒரு வகுத்தல் கணக்கும்

எங்கள் அப்பாவுக்குப் பலன் தந்த முறை இது. "வயசானா தூக்கம் வராதுதான்" என்று தயவுசெய்து விட்டுவிடாதீர்கள். 65 வயதுக்கு மேலும் 7 முதல் 8 மணி நேரத் தூக்கம் தேவை. பிரிட்டனின் 'வைட்ஹால் 2' ஆய்வில் ஏறத்தாழ 8,000 பேரை 25 ஆண்டுகள் கவனித்தார்கள். 50, 60 வயதுகளில் இரவுக்கு 6 மணி நேரமோ அதற்குக் குறைவாகவோ தூங்கியவர்களுக்குப் பிற்காலத்தில் மறதி நோய் கூடுதலாக வந்தது தெரிந்தது. 2021-இல் வெளியான முடிவு இது.

படி 1: இரண்டு வாரம் குறிப்பெடுங்கள். ஸ்மார்ட் வாட்ச் வேண்டாம். அசையாமல் விழித்துக் கிடப்பதையும் அது தூக்கம் என்றே எண்ணிக்கொள்ளும். சாதாரண நோட்டு போதும். படுத்த நேரம், எழுந்த நேரம், உத்தேசமாகத் தூங்கிய நேரம் மூன்றையும் காலையில் கேட்டு எழுதுங்கள். இரவில் மணி பார்க்கவே கூடாது.

படி 2: குட்டித் தூக்கத்தையும் எழுதுங்கள். நாங்கள் மாட்டிக்கொண்டது இங்கேதான். அப்பா பகலில் படுக்கவே மாட்டார். ஆனாலும் ராத்திரி தூக்கம் பிடிக்கவில்லை. காரணம் ஏழு மணி சீரியல். டிவி முன்னால் நாற்காலியிலேயே முக்கால் மணி நேரம் கண்ணயர்ந்துவிடுவார். கேட்டால் "சும்மா கண்ணை மூடியிருந்தேன்" என்பார். நாள் முழுக்கச் சேர்ந்த தூக்கக் களைப்பு அதிலேயே பாதி தீர்ந்துவிடுகிறது. அந்த நேரத்தில் பேச்சுக் கொடுங்கள், கீரை ஆய உட்கார வையுங்கள், தெருமுனை வரை கூட்டிப் போங்கள். மதியம் அரை மணி நேரம் படுத்தால் பரவாயில்லை, மூன்று மணிக்கு மேல் வேண்டாம்.

படி 3: தூங்கிய நேரத்தைப் படுக்கையில் இருந்த நேரத்தால் வகுத்து 100-ஆல் பெருக்குங்கள். எட்டரைக்குப் படுத்து ஐந்துக்கு எழுபவர் 6 மணி நேரம் தூங்கினால் சுமார் 71 வருகிறது. 85-ஐத் தொட வேண்டும்.

படி 4: கணக்கு 85-க்குக் கீழே இருந்தால், சீக்கிரம் படுக்க வைப்பதை நிறுத்துங்கள். எழும் நேரத்தை மாற்றாமல், படுக்கும் நேரத்தை வாரத்துக்குக் கால் மணி நேரம் தள்ளுங்கள். ஒரேயடியாக இரண்டு மணி நேரம் தள்ளும் முறையும் உண்டு. எழுபதைத் தாண்டியவர்களுக்கு நான் அதைச் சொல்ல மாட்டேன்; தள்ளாட்டம் வந்து விழுந்துவிடுவார்கள். கணக்கு 85-ஐத் தாண்டியதும், தூக்கம் போதாதவர்களுக்குக் கால் கால் மணி நேரமாகத் திரும்பக் கூட்டலாம். வலிப்பு நோய் இருந்தால் மருத்துவரைக் கேட்காமல் இந்தப் படியைத் தொடாதீர்கள்.

காலை வெயில் படுவது நல்லது, மதியத்துக்குப் பின் காபி வேண்டாம் என்பதெல்லாம் உங்களுக்கே தெரியும்.

மாத்திரை பற்றி ஒரு வார்த்தை. தூக்கம் வரட்டும் என்று சளி, அலர்ஜி மாத்திரை கொடுக்கும் வழக்கம் பல வீடுகளில் இருக்கிறது. குளோர்பெனிரமின், டைபென்ஹைட்ரமின் போன்றவை முதியவர்களுக்குக் குழப்பத்தையும் மறதியையும் உண்டாக்கும். ஏற்கெனவே தினமும் தூக்க மாத்திரை எடுப்பவர்கள் சட்டென்று நிறுத்துவதும் ஆபத்து. மருத்துவர் சொல்படி படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும்.

பின்சேர்க்கை: அம்மா இரவில் நான்கு முறை பாத்ரூம் போகிறார் என்று ஒரு வாசகி எழுதியிருந்தார். பிரஷருக்கோ கால் வீக்கத்துக்கோ நீர் பிரியும் மாத்திரை எடுக்கிறாரா, எந்த நேரத்தில் எடுக்கிறார் என்று பாருங்கள். மாலையில் என்றால், காலைக்கு மாற்றலாமா என மருத்துவரிடம் கேளுங்கள்.

குறட்டை நடுவே மூச்சு நின்று திணறி எழுபவர்களுக்கு இந்தக் கணக்கு உதவாது. தூக்கப் பரிசோதனை தேவை. கனவில் கத்தி, கை காலை வீசுபவர்களைத் தாமதிக்காமல் நரம்பியல் மருத்துவரிடம் காட்டுங்கள். பார்க்கின்சன் நோய்க்குப் பல ஆண்டு முன்பே இது தலைகாட்டுவதுண்டு. அதுவரை கட்டில் பக்கத்தில் கண்ணாடி டம்ளர், கூர்முனை மேசை எதுவும் இருக்க வேண்டாம்.